விழித்திருப்போரும் காத்திருப்போரும்

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் நிற்கிறது. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் றொஜேர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக 1857இல் எழுந்தது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர் அவர். முடிவின் நாழிகையை ஒருவரும் அறியார், ஆகவே ஆயத்தமாயிருங்கள் என்று போதிப்போருக்கு அச்சாவைவிடத் தக்க சான்று கிடைப்பது அரிது. ஆனால், அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்து, பேதியாலும் பசியாலும் வழியிலேயே வீழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு நடுகல்லும் இல்லை. இவ்விரு சாவுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது நம்முள் ஒரு வினா எழுகிறது: கிறிஸ்துவின் இரண்டாம் வருகையும் அதற்கான ஆயத்தமும் யாருக்காகப் பேசப்பட்டன? யாருக்குப் பயன்பட்டன?

தொடக்கத்தில் இது ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கையாகவே இருந்தது. ரோம ஆட்சியின்கீழ்த் துன்புற்ற சிறு கூட்டங்களுக்கு, எப்பேரரசும் என்றென்றும் நிலைக்காது என்னும் உறுதியை வெளிப்படுத்தின விசேஷம் தந்தது. நான்காம் நூற்றாண்டில் பேரரசே அம்மதத்தைத் தழுவிக்கொண்டது. அதன்பின் எழுதிய அகுஸ்தீன், கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு அரசென்பது இனி வரப்போவதன்று, திருச்சபை நிலவும் காலமே அது என விளக்கினார். அரியணையோடு உறவு பூண்ட சபைக்கு, அரியணைகள் கவிழும் நாளைப்பற்றிய ஆவல் தணிந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அடிநிலை மக்களிடையே அந்த ஆவல் மீண்டும் மீண்டும் பொங்கியது. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனைச் சூழ எழுந்த எழுப்புதல் பின்னர்த் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே, பிராமணக் குலத்திலிருந்து மதம் மாறிக் குருவான ஜஸ்டஸ் ஜோசப், ஆறாண்டுகளில் வருகை நிகழும் என 1875இல் அறிவித்தார். குறித்த நாளாகிய 1881 அக்டோபர் 2 வந்தது. மற்ற நாள்களைப் போலவே கழிந்தது. நாளை ஒருவரும் அறியார் என்று ஓதும் நூலைக் கையில் வைத்துக்கொண்டே நாள் குறித்த பிழை அது. எனினும் நம்பியோரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அவ்வாறாண்டுகளின் நடுவிலேதான் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடியது. இலங்கைத் தோட்டங்களை நோக்கிக் கூட்டங்கூட்டமாக மக்கள் கடல் கடந்ததும் அப்போதுதான். உலகம் முடிகிறது என்பதற்கு அவர்களுக்கு வேறு அடையாளம் வேண்டுமோ?

தோட்டங்களிலோ போதனையின் தொனி வேறு. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனுக்குத் துரைமாரின் பணமும் துணை நின்றது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். எழுத்தறியாச் சிறாருக்கு அவர்கள் கற்பித்த எழுத்தை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால், துரையின் பணத்தில் நடக்கும் பிரசங்கம், பொறுமையை ஓதுமே அன்றிப் பற்றுச்சீட்டின் கொடுமையைப் பேசுவது எளிதன்று. தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது பிரசங்கத்தால் அன்று. 1920களில் கொழும்பில் இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய பாஸ்டர் பாலோ, தாழ்த்தப்பட்ட ஈழவக் குலத்தில் பிறந்தவர். வருகைக்கான ஆயத்தமே அச்சபையின் உயிர்நாடி. ஊழியர் தனியுடைமை துறந்து ஒரே வீட்டில் கூடி வாழ்ந்தனர். உடைமையில்லா அவ்வாழ்வை நாம் மதிக்கிறோம். ஆனால் அது ஊழியரின் வாழ்வாக நின்றதே ஒழிய, லயத்துக்கு வந்துசேரவில்லை.

காத்திருப்பதை மலையக மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும் காத்திருப்பு எல்லோர்க்கும் பொதுவாயிற்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. 1,50,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளியது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. காத்திராமல் எழுந்த நாள்களும் உண்டு. பதுளையை அடுத்த வேவஸ்ஸ தோட்டத்தில் 1940இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தமக்கென ஒரு குழுவைத் தாமே தேர்ந்தனர். அதுவும் ஓர் ஆயத்தமே.

பத்துக் கன்னியர் கதையைச் சொன்னபோது மாணவி ஒருத்தி நம்மைக் கேட்டாள்: "புத்தியுள்ள ஐவரும் எண்ணெயைப் பகிர்ந்திருந்தால் என்ன, ஐயா?" அன்று விடை கூறத் தயங்கினோம். விடை மத்தேயுவின் அதே இருபத்தைந்தாம் அதிகாரத்தின் இறுதியிலேயே இருக்கிறது. அங்கே நியாயத்தீர்ப்பின் அளவுகோல் உபவாசமும் அன்று, நாள் கணிப்பும் அன்று. பசித்தவனுக்கு உணவும் வீடற்றவனுக்கு இடமும் கொடுத்தாயா என்பதே.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. லயங்கள் அங்கேயே இருந்தன. பெயர்ந்து செல்லத் தொழிலாளருக்குச் சொந்த நிலம் இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த நாழிகையை அறிந்தவர் இருந்தனர். எண்ணெயும் அவர்கள் கையில் இருந்தது. பகிரப்படாத அவ்வெண்ணெயைப் பற்றிப் பேசாத எந்த ஆயத்தமும், ஊவா மலைகளில் பாதி ஆயத்தமே.