பானை விரிகுடாவில் ஒரு பகல்

கண்ணுக்கு இனியதைக் கண்டவுடன் கையை நீட்டுவது மனித இயல்பு. கண்டும் கை நீட்டாதிருக்க நாம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம் என்பதை அறிய, தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தென் ஜார்ஜியா என்னும் தீவின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

இன்று அத்தீவுக்குப் பயணக் கப்பல்கள் செல்கின்றன. கரையிறங்குமுன் பயணிகளின் காலணிகள் கழுவப்படுகின்றன. உடையின் மடிப்புகளில் ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கலாகாது எனச் சோதிக்கப்படுகின்றன. ஒரே வேளையில் நூறு பயணிகளுக்குமேல் கரையில் நிற்க அனுமதியில்லை. புனித அந்திரேயாவின் பெயர் தாங்கிய விரிகுடாவில் ரப்பர் படகு கரை சேர்ந்தால், எதிரே இலட்சத்திற்கும் மேற்பட்ட அரசப் பென்குயின் இணைகள். தாயும் தந்தையும் முறை வைத்து, ஒற்றை முட்டையைப் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்தி, ஏறத்தாழ 54 நாள்கள் அடைகாக்கின்றன. பறவைகளிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது மனிதருக்கான விதி. பென்குயினுக்கு அவ்விதி தெரியாது. அது தானே நெருங்கி வந்து உற்றுப் பார்க்கிறது. வந்தவர் அசையாது நிற்கிறார்.

ஆனால் இக்கரையில் இறங்கிய முதல் மனிதர்கள் இவ்வாறு நிற்கவில்லை. 1775 ஜனவரி 17 அன்று கேப்டன் ஜேம்ஸ் குக் இங்கு இறங்கி, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். பனி மூடிய இந்நிலம் எதற்கும் உதவாது என்பதே அவர் எண்ணம். எனினும், கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கமுடையவராதலால், கரையில் கிடந்த சீல்களைப் பற்றியும் எழுதி வைத்தார். அவருடைய பயண நூல் 1777-இல் வெளிவந்தது. பத்தாண்டு நிறைவதற்குள் தோல் வேட்டைக்காரர்களின் கப்பல்கள் வந்துவிட்டன. அதுவரை எடுக்கப்பட்ட மென்மயிர்ச் சீல் தோல்கள் ஏறத்தாழ 12 இலட்சம் இருக்கும் என 1825-இல் ஜேம்ஸ் வெடல் கணக்கிட்டார். பார்த்தவர் எழுதினார், படித்தவர் கொன்றார். வெறும் பார்வையும் எப்போதும் குற்றமற்றதன்று என்பதை இங்கு நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சீல்கள் தீர்ந்தபின் திமிங்கிலங்களின் முறை வந்தது. 1904 நவம்பரில் நார்வே நாட்டவரான கார்ல் அன்டன் லார்சன் கிரைட்விக்கனில் திமிங்கில நிலையத்தை நிறுவினார். அப்பெயருக்குப் 'பானை விரிகுடா' என்பது பொருள். பழைய வேட்டைக்காரர்கள் கொழுப்பு உருக்கிய பானைகள் அங்கே கிடந்ததால் அமைந்த பெயர் அது. 1965 வரை தீவின் நிலையங்களில் 1,75,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் வெட்டப்பட்டன. அவற்றின் எண்ணெய் சோப்பாகவும் மார்கரினாகவும் மாறி ஐரோப்பிய இல்லங்களுக்குள் சென்றது.

அந்த நிலையத்தின் அருகிலேயே, நார்வேயிலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவரப்பட்ட ஒரு மரத் தேவாலயம் எழுந்தது. 1913 கிறிஸ்துமஸ் நாளில் அது அர்ச்சிக்கப்பட்டது. இரத்தத்தால் சிவந்த கடற்கரையில் ஆலயமணியும் ஒலித்தது. அங்கு உழைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர்; பிள்ளைகளுக்கு உணவு தேடிக் கடல் கடந்துவந்த எளியவர்கள். பேரழிவு பெரும்பாலும் தீயவர்களால் அன்று, தம் வேலையைச் செய்யும் நல்லவர்களாலேயே நிகழ்கிறது என்பது மனத்தை உறுத்தும் உண்மை.

வேட்டை நின்றதற்கு மனமாற்றம் முதற்காரணம் அன்று. திமிங்கிலங்கள் அருகிப் போய், இலாபம் வற்றிவிட்டது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்கப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் முடிவெடுத்தது 1982-இல்தான். கை ஓய்ந்த பின்னரே கண் திறந்தது.

எனினும், திறந்த கண் சும்மா இருக்கவில்லை. கப்பல்களில் வந்திறங்கிய எலிகள் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்கும் பெருமுயற்சி 2011-இல் தொடங்கியது. 2018-இல் தீவு எலிகளற்றது என அறிவிக்கப்பட்டது. அத்தீவுக்கே உரிய பாடும் பறவையான நெட்டைக்காலியின் குரல், அது மறைந்துபோயிருந்த கரைகளில் மீண்டும் கேட்கிறது. 1930-களில் பறவைத் தீவில் தப்பிப் பிழைத்திருந்த சிறு கூட்டத்திலிருந்து மென்மயிர்ச் சீல்கள் இலட்சக்கணக்கில் பெருகின. நீலத் திமிங்கிலமோ மிக மெல்லவே திரும்புகிறது. 1998 முதல் 2018 வரை அக்கடலில் நடந்த கப்பல்வழி ஆய்வுகளில் ஒன்றே ஒன்று தென்பட்டது. 2020-இல் 55 காணப்பட்டன. அம்மகிழ்ச்சி அடங்குமுன், 2023-இல் பறவைக் காய்ச்சல் தீவை எட்டியது. மீட்சி என்பது முடிந்த செயல் அன்று. நாளும் காக்கவேண்டிய பொறுப்பு.

மாலையில் பயணிகள் கிரைட்விக்கனில் இறங்குகின்றனர். 1922-இல் இறந்த துருவப் பயணி ஷாக்கில்டனின் கல்லறை அங்குள்ளது. துருப்பிடித்த கொதிகலன்களுக்கு நடுவே சீல்கள் உறங்குகின்றன. தம் இனத்தை உருக்கிய இடம் இது என அவை அறியா. நாம் அறிவோம். அந்த அறிவோடு, ஐந்து மீட்டர் தொலைவில், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது சிறு செயல்தான். ஆயினும் குக் இறங்கிய அந்த நாளிலிருந்து இந்த ஐந்து மீட்டரை நாம் வந்தடைய இரு நூற்றாண்டுகளுக்குமேல் ஆயின. வந்த வழியை மறந்தால், திரும்பிச் செல்ல அத்தனை காலம் ஆகாது.