போர்ச்சுகீசியர் ஆங்கிலம் கற்ற கதை

ஆங்கிலமும் போர்ச்சுகீசும் சந்தித்த இடங்களில் ஒன்று சந்தை. 1703ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெத்துவன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆங்கிலேயரின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் வரலாம். போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. வியாபாரம் வளர்ந்தால் மொழியும் வேண்டும் அல்லவா? 1731ல் ஜேகப் டி காஸ்ட்ரோ என்பவர் இரு மொழிகளுக்குமான இலக்கண நூலை லண்டனில் வெளியிட்டார்.

அடுத்த திருப்பம் நெப்போலியனால் வந்தது. அவரது படைக்கு அஞ்சிய போர்ச்சுகல் அரச குடும்பம், 1807 இறுதியில் பிரிட்டிஷ் கப்பற்படையின் பாதுகாப்போடு பிரேசிலுக்குப் புறப்பட்டது. 1808ல் பிரேசில் துறைமுகங்கள் நட்பு நாடுகளுக்குத் திறக்கப்பட்டன. 1809ல் அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு கற்பிக்க ஆசிரியர் பதவிகளை அரசு உருவாக்கியது. 1810 ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் சரக்குக்கு இறக்குமதி வரி 15 சதவீதம் மட்டுமே.

எங்கே சிக்கல்?

முதல் சிக்கல் உடைமைச் சொற்கள். ஆங்கிலத்தில் ஹிஸ், ஹெர் என்பவை உடையவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தவை. போர்ச்சுகீசில் 'செவ்', 'சுவா' என்பவை பொருளின் பாலைப் பொறுத்தவை. நம் தமிழுக்கு வந்த சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசில் பெண்பால் சொற்கள். ஆகவே பேதுருவின் சாவியும் 'சுவா'தான், மரியாவின் சாவியும் 'சுவா'தான். புத்தகம் ஆண்பால் என்பதால் மரியாவின் புத்தகம் 'செவ்' ஆகிவிடும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதுபவர் மரியாவின் புத்தகத்தை 'ஹிஸ் புக்' என்று எழுதிவிடுவார். போதாததற்கு இதே சொற்களுக்கு 'உங்களுடைய' என்ற பொருளும் உண்டு. ஒரு வணிகக் கடிதத்தில் சரக்கு யாருடையது என்பதே மாறிவிட்டால் என்ன ஆகும்!

இரண்டாவது சிக்கல் இன்ஃபினிட்டிவும் ஜெரண்டும். பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்கு 'அன்' என்ற விகுதி இருந்தது. அது தேய்ந்து மறைய, முன்னால் நிற்கும் 'டு' அதன் அடையாளமாயிற்று. பெயர்ச்சொல் விகுதியாக இருந்த 'இங்', வினையின் குணங்களையும் பெற்று ஜெரண்ட் ஆனது. போர்ச்சுகீசில் 'ஜெருந்தியோ' என்றே ஒரு வடிவம் உண்டு. ஆனால் பெயர் ஒன்று, வேலை வேறு. அது எழுவாயாக வராது. 'புகைப்பது கெடுதல்' என்பதற்கு ஆங்கிலேயர் 'ஸ்மோக்கிங்' என்பார். போர்ச்சுகீசியர் இன்ஃபினிட்டிவான 'ஃபுமார்' என்பார்.

'பரோ டி ஃபுமார்' என்றால் புகைப்பதை நிறுத்தினார். 'பரோ பாரா ஃபுமார்' என்றால் புகைப்பதற்காக நின்றார். இரண்டிலும் வினை ஒன்றே. நடுவில் உள்ள சிறு சொல்தான் பொருளைப் பிரிக்கிறது. ஆங்கிலத்திலோ 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்று வினையின் வடிவமே மாற வேண்டும். அதே பழக்கத்தால்தான் 'தேங்க் யூ ஃபார் கமிங்' என்பது பலர் வாயில் 'ஃபார் டு கம்' ஆகிறது.

சிரிப்புக்கு ஆளான நூல்

1855ல் பாரிஸில் ஒரு போர்ச்சுகீஸ்-ஆங்கில உரையாடல் கையேடு வெளிவந்தது. எழுதியவர் பெத்ரோ கரோலினோ. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றே கருதப்படுகிறது. ஜோசே ட ஃபொன்சேக்கா என்ற அறிஞரின் போர்ச்சுகீஸ்-பிரெஞ்சுக் கையேட்டை எடுத்து, பிரெஞ்சு-ஆங்கில அகராதியின் துணையோடு சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார் என்பது ஆய்வாளர் கருத்து. வெகுநேரம் காத்திருப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு மரபுத்தொடர் ஒன்று, இதில் குரங்கைக் கடித்து மெல்லும் கதையாகிவிட்டது!

1883ல் இது லண்டனில் 'இங்கிலிஷ் ஆஸ் ஷி இஸ் ஸ்போக்' என்ற கேலித் தலைப்போடு வந்தது. மொழியை 'அவள்' என்று சொல்லும் இந்தத் தலைப்பு மூல நூலில் இல்லை. அதே ஆண்டு அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுத, புகழ் உலகெங்கும் பரவியது.

இதில் பாதிக்கப்பட்டவர் ஃபொன்சேக்கா. அட்டையில் அவர் பெயரும் இருந்ததால், இருவரும் சேர்ந்து எழுதியதாகவே நூறாண்டுக்கு மேல் உலகம் நம்பிச் சிரித்தது. அவர் இதில் பங்கேற்கவில்லை, பெயர் மட்டும் சேர்க்கப்பட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஒழுங்காக நூல் செய்த ஒருவர், தான் எழுதாத ஆங்கிலத்துக்காக நினைவுகூரப்படுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கரோலினோவின் நூலையும் மாணவரின் பிழையையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அவர் தனக்குத் தெரியாத மொழியைத் தெரிந்ததாக விற்றார். 'ஹிஸ் புக்' என்று எழுதும் மாணவரோ, தன் தாய்மொழியின் விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறார். அந்த விதி ஆங்கிலத்தில் செல்லாது என்பதுதான் அவர் கற்க வேண்டிய பாடம். ஆசிரியர் அவருக்கு இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும், பாதிப் பிழைகள் தாமாகவே குறையும்.