பயங்கரவாதத் தடைச் சட்டமும் கொழும்புத் தமிழரும்

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். இலங்கையில் சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கைது செய்யவும், குற்றம் சாட்டாமலே மாதக்கணக்கில் தடுத்து வைக்கவும், பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கே எதிரான சாட்சியமாக்கவும் இடம் தரும் சட்டம் இதுதான். வடக்கு கிழக்கை மனத்தில் வைத்து இயற்றப்பட்டாலும், கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறநகரான வத்தளை போன்ற தமிழர் செறிந்து வாழும் பகுதிகளிலும் ஒரு தலைமுறை இதன் நிழலிலேயே வளர்ந்தது. பாதுகாப்புக்கும் குடியியல் உரிமைக்கும் நடுவே கோடு எங்கே விழவேண்டும் என்ற வாதம் பல நாடுகளில் நாடாளுமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் நடக்கிறது. இங்கே அது வீட்டு வாசலில் நடந்தது.

தோற்றம்

1979 ஜூலை நடுப்பகுதியில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தைத் துடைத்தெறிய வேண்டும் என்ற கட்டளையோடு பிரிகேடியர் வீரதுங்க வடக்குக்கு அனுப்பப்பட்டார். அந்த நாட்களிலேயே சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பயங்கரவாதத்துக்குக் குறிக்கப்பட்ட கெடு ஏறத்தாழ ஆறு மாதம். சட்டத்துக்குக் குறிக்கப்பட்ட ஆயுள் மூன்று ஆண்டு. இரண்டு கணக்கும் பிழைத்தன. 1982இன் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாண்டு வரம்பை நீக்கி இதை நிரந்தரமாக்கியது. பெயரிலுள்ள அடைப்புக்குறிக்குள் ‘தற்காலிக’ இன்னமும் இருக்கிறது.

பெயரே பிரித்தானியாவிடம் இரவல் பெற்றது. பர்மிங்ஹாம் மதுச்சாலைக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் 1974இல் அங்கு கொண்டுவரப்பட்ட சட்டத்துக்கும் இதே தலைப்பு. ஆனால் அந்தச் சட்டம் அனுமதித்த தடுப்புக்காவல் மொத்தம் ஏழு நாள். நாடாளுமன்றமும் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. இலங்கைச் சட்டம் அனுமதித்ததோ 18 மாதம். அதனால்தான் சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழுவுக்காக 1981இல் அறிக்கை எழுதிய வர்ஜீனியா லியரி இதைப் பிரித்தானியச் சட்டத்தோடு அல்ல, நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாபிரிக்காவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டார்.

முக்கிய ஏற்பாடுகள்

7ஆம் பிரிவின்படி கைதானவரை 72 மணித்தியாலம் வரை நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருக்கலாம். 9ஆம் பிரிவு பாதுகாப்பு அமைச்சருக்குத் தடுப்புக்காவல் உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தருகிறது: ஒரு தடவைக்கு மூன்று மாதம், நீடித்து நீடித்து மொத்தம் 18 மாதம் (2022 முதல் 12 மாதம்). அந்த உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்றது 10ஆம் பிரிவு. நீதவான் முன் வந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சட்டமா அதிபர் சம்மதித்தாலன்றி, வழக்கு முடியும் வரை விளக்கமறியலில் வைப்பதைத் தவிர நீதவானுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2(1)(எச்) பிரிவு, இனங்களுக்கிடையே பகை மூட்டும் சொல்லையும் எழுத்தையும் பயங்கரவாதக் குற்றமாக்குகிறது.

இவை எல்லாவற்றிலும் கனமானது 16ஆம் பிரிவு. இலங்கையின் சாதாரண சட்டத்தில், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது; சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். அது விருப்பமின்றிப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் பாரம் கைதியின் தலையில். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடியில் மூடிய அறைக்குள் நடந்ததற்கு அவர் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவார்?

இந்தப் பிரிவின் விளைவை நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு காட்டுகிறது. 1993இல் மட்டக்களப்பில் கைதான அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் அவரது பெருவிரல் அடையாளம் இருந்தது. அவருக்கு எதிரான வழக்கு அந்தக் கடதாசியிலேயே நின்றது. 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்று கண்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றம் போனார். 2006 செப்டம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிவிட்ட உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கைதிக்கு வெளியே திறந்திருந்த ஒரு கதவும் அத்தோடு சாத்தப்பட்டது.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கொழும்புத் தமிழர் நினைவில் ‘பி.ரி.ஏ.’ (தடைச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒரே பெயரில் சேர்ந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி, உண்மையில் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அவசரகால ஒழுங்குவிதிகளின் வேலை. அவசரகால நிலையை நாடாளுமன்றம் மாதந்தோறும் நீடிக்க வேண்டும். தடைச் சட்டத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனாலும் நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எந்தச் சட்டம் என்று கேட்டவர் குறைவு.

1990களிலிருந்து 2009 வரை வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு எடுத்தால், வாடகை முற்பணத்துக்கு அடுத்த வேலை பொலிஸ் பதிவு. வீட்டில் இருப்போர் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த முகவரி, தங்கும் நோக்கம் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வைத்தியத்துக்கு வந்தால் பதிவு. தம்பி வெளிநாட்டு விசாவுக்காக வந்து நின்றால் அதற்கும் பதிவு. சுற்றிவளைப்பில் பொலிஸாரின் கண் முதலில் போவது அடையாள அட்டையில் பிறந்த இடம் எழுதியுள்ள வரிக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று இருந்தால் அடுத்த கேள்வி வரும். இல்லாவிட்டால் பெரும்பாலும் அட்டை திரும்பி வரும். குற்றம் என்ன என்று தேடாமல் ஊர் எது என்று தேடிய இந்தப் பழக்கமே, சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத முதலாவது பிரிவாக இருந்தது.

அச்சம் கற்பனையானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீதான தாக்குதல், அதே ஆண்டு ஜூலை 24இல் வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளையில் ரயிலில் வெடித்த குண்டு என்று கொழும்பு தொடர்ந்து பிணங்களை எண்ணியது. அந்த ரயில்களில் தமிழரும் பயணம் செய்தனர். அரசுக்குக் கடமை இருந்தது. அந்தக் கடமையை ஒரு இனத்தின் முகவரிப் பட்டியலாகச் சுருக்கியதுதான் பிழை.

பட்டியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2007 ஜூன் 7 அதிகாலையில் தெரிந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, பம்பலப்பிட்டிப் பகுதி லொட்ஜுகளில் பொலிஸாரும் படையினரும் நுழைந்தனர். தங்கியிருந்த தமிழரிடம் தகுந்த காரணமின்றிக் கொழும்பில் இருக்கிறீர்கள் என்று கூறி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்து பஸ்களில் ஏற்றினர். 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள், வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். நீதிமன்ற உத்தரவு எதுவும் கிடையாது. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மீறல் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது: தமிழரைக் கொழும்பிலிருந்து வெளியேற்றக் கூடாது, நகரில் வந்து தங்குவதைத் தடுக்கவும் கூடாது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டனர்.

இந்தச் சட்டப் போராட்டத்தின் மிகச் சிறந்த 24 மணித்தியாலம் அதுவே எனலாம். ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 28இல் நுகேகொடையில் குண்டு வெடித்ததும், கொழும்பில் சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் கைதாகினர். பலர் தெற்கே பூசா முகாமுக்குப் போயினர். 2008 செப்டம்பர் 21இல், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் தம்மைப் பதிய அழைக்கப்பட்டனர்.

சட்டத்துக்கு வெளியே நடந்தவை வேறு. கொட்டாஞ்சேனைச் சுற்றுப்புறத்தில் ஆட்களைக் கடத்திச் சென்ற ‘வெள்ளை வான்’ என்ற சொல்லே அன்று பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துவிடும். 2008–2009இல் கொழும்பிலும் புறநகரிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமலான வழக்கில் கடற்படையினர் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. முன்னாள் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் முடிவெடுத்தார். காணாமல் போனோரைத் தேடிப் பட்டியலிட்டு நாடாளுமன்றத்தில் பேசியவர்களில் மனோ கணேசன் முக்கியமானவர். அவரோடு இணைந்து இயங்கிய நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளில் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் கொல்லப்பட்டார்.

எழுத்தும் பயங்கரவாதமாதல்

2008 மார்ச் 7இல் கைதான பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகம், ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் 20 ஆண்டுக் கடூழியச் சிறை பெற்றார். அங்கும் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அந்த ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் செய்தியில் அவர் பெயரைச் சொன்னார். 2010இல் அவர் பிணையில் வெளிவந்து, பின்னர் ஜனாதிபதி மன்னிப்பும் பெற்றார்.

ஒபாமாவின் சொந்த வீடும் அப்போது ஒழுங்காயிருக்கவில்லை. குவாண்டானாமோவில் குற்றம் சாட்டப்படாத கைதிகள் அன்றும் இருந்தனர். 2001 ஒக்டோபரில் அவசரமாக நிறைவேறிய பேட்ரியட் சட்டம் பற்றிய வாதம் ஓயவில்லை. எனினும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அச்சட்டத்தின் பல கண்காணிப்புப் பிரிவுகளுக்குக் காலாவதி நாள் குறிக்கப்பட்டிருந்தது. காங்கிரஸ் அவற்றைத் திரும்பத் திரும்ப விவாதிக்க நேர்ந்தது. குவாண்டானாமோ கைதிகளுக்கும் ஆட்கொணர்வு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மறுபக்கம், 2010 ஜூனில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் கூறியதைத் தமிழர் நினைவில் வைக்க வேண்டும்: தடைசெய்யப்பட்ட அமைப்புக்குச் சமாதான வழியில் பிணக்குத் தீர்க்கக் கற்பிப்பதும் குற்றமான உதவியே. வழக்காடியவர்களில் இலங்கைத் தமிழ்ச் சங்கமும் இருந்தது. பேசப்பட்ட அமைப்புகளில் ஒன்று விடுதலைப் புலிகள்.

இந்தியாவுடன் ஒப்பிட்டால் வாக்குமூலத்தின் வலு இன்னும் தெளிவாகும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்கு மரண தண்டனை. 1999இல் உச்ச நீதிமன்றம், அந்நாட்டின் அப்போதைய பயங்கரவாதச் சட்டமான தடாவின் கீழான குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்றது. அப்படியிருந்தும் தடாவின் கீழ் பொலிஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலங்கள் செல்லும் என்று ஏற்றது. அவ்வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வாக்குமூலத்தை முழுமையாகப் பதியவில்லை என்று அதைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். தடாவை இந்தியா 1995இல் காலாவதியாக விட்டது. அதன் பின் வந்த பொடா சட்டத்தை 2004இல் நீக்கியது. வேறொரு சட்டத்தில் அதே அதிகாரங்களில் பல திரும்பி வந்தன என்றாலும், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் திரும்பவில்லை.

2019க்குப் பின்

2011 ஆகஸ்டில் அவசரகால நிலை முடிந்தபோது தடைச் சட்டம் மட்டும் அப்படியே நின்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நாடெங்கும் அன்று 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவசரகால நிலை மீண்டும் வந்தது. இம்முறை அட்டையில் பார்க்கப்பட்டது முஸ்லிம் பெயர். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைதாகி, 2022 பெப்ரவரியில்தான் பிணை பெற்றார். மன்னார்ப் பகுதி ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பிடிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டித்த கவிதைகளும் அந்தத் தொகுதியில் இருந்தன.

அடுத்து வந்தது சிங்களவர் முறை. ஆட்சிக்கு எதிரான 2022 அரகலய போராட்டத்தின் மாணவர் தலைவர் வசந்த முதலிகே 2022 ஆகஸ்டில் இச்சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31இல் கொழும்பு நீதவான் அவரை அக்குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். 2025 மார்ச்சில், நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து வந்த ஆட்சியின் கீழ், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவர் கொழும்பில் கைதாகி இதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்.

திருத்தங்கள்

சட்டத்தை நீக்குவதாக இலங்கை 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் வாக்குறுதி கொடுத்தது. 2018இலும் 2023இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வர்த்தமானியில் வந்தன; இரண்டும் சட்டமாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பறிபோகும் என்ற நெருக்கடியில் 2022இன் 12ஆம் இலக்கத் திருத்தம் நிறைவேறியது. தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 ஆகியது; தடுத்து வைத்துள்ள இடத்துக்கு நீதவான் சென்று பார்க்க வேண்டும் என்றானது; ஓராண்டு கடந்தும் வழக்கு தொடங்காவிடின் பிணை கேட்கலாம். இவை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது; உள்ளே இருப்பவருக்கு ஆறு மாதம் ஆறு மாதம்தான்.

ஆனால் திருத்தம் நாட்காட்டியைத் தொட்டது, கடதாசியைத் தொடவில்லை. சிங்கராசாவைச் சிறைக்கு அனுப்பியது தடுப்புக்காவலின் நீளம் அல்ல, அவருக்குப் புரியாத மொழியில் இருந்த வாக்குமூலம். 2018 சட்டமூலம் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதைக் கைவிட்டிருந்தது. அது கிடப்பில் போனது. 2022 திருத்தம் 16ஆம் பிரிவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.