பாக் நீரிணையும் மருத்துவ மிஷன் பயணங்களும்

பாக் நீரிணை வழி மருத்துவ மிஷன் பயணங்கள் என்பன, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவ மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் அங்கிருந்து கடல் தாண்டி மதுரை, இராமநாதபுரம் சீமைகளுக்கும் மேற்கொண்டவை. பாஸ்டனிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான நெடும்பயணமே பெரும்பாலான வரலாறுகளில் இடம்பிடித்திருக்கிறது. இராமநாதபுரக் கரையைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, இரண்டு தமிழ்க் கரைகளுக்கிடையே நடந்த குறும்பயணம்.

முன்வரலாறு

சேதுபதி மன்னர்கள் ஆண்ட இராமநாதபுரச் சீமையில் கிறித்தவமும் நோய் தீர்த்தலும் சந்தித்த முதல் பெரிய நிகழ்வில் மருந்துக்கு இடமே இல்லை. தீராத நோயுற்றிருந்த மறவர் தலைவர் தடியத்தேவர், உபதேசியார் ஒருவரின் ஜெபத்தால் குணமானதாக நம்பி ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அதன் விளைவாக, ஞானஸ்நானம் கொடுத்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

மருந்துப் பெட்டியோடு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்த ஷ்லேகல்மில்ஷ். 1730இல் கரையிறங்கியவர் சில வாரங்களுக்குள் இறந்துபோனார். அவருக்குப் பின் 1732இல் வந்த குனோல், 1767இல் தாம் இறக்கும்வரை அங்கேயே வைத்தியம் பார்த்தார்.

கப்பலேறியவர்கள்

அமெரிக்கர்கள் முதலில் குறிவைத்தது இந்தியாவைத்தான். மிஷனரிகள் வந்தால் வியாபாரம் கெடும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1812இல் வந்தவர்களைக் கல்கத்தாவிலிருந்து வெளியேறச் சொன்னது. இலங்கையோ கம்பெனியின் கையில் இல்லை; முடியாட்சியின் நேரடிக் குடியேற்றம். ஆளுநர் பிரவுன்ரிக் இடம் கொடுத்தார். 1816இல் அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கத்தின் முதல் குழு யாழ்ப்பாணம் சேர்ந்தது. எதிர்க்கரையிலும் தமிழே பேசப்படுகிறது என்பதை அவர்கள் தொடக்கத்திலிருந்தே கணக்கில் வைத்திருந்தனர்.

ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்திவந்த மருத்துவர். நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ட மிஷன் துண்டு நூல் ஒன்று அவர் மனத்தை மாற்றியது. 1819 ஜூன் 8 அன்று ‘இண்டஸ்’ என்னும் கப்பலில் மனைவி ஹாரியட்டோடும் சிறுமகளோடும் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்தது. ஆண்டு முடியும் தறுவாயில் யாழ்ப்பாணம் அடைந்து, பண்டத்தரிப்பில் வைத்தியசாலை தொடங்கினார். விடுப்பில் ஊர் திரும்பிவரும் நினைப்பு அன்று எவருக்கும் இல்லை. புறப்பாடு என்றால் ஏறக்குறைய ஆயுளுக்கும் விடைபெறுவதுதான்.

நேரமும் அவருக்குச் சாதகமாக அமைந்தது. அடுத்த ஆண்டே பிரவுன்ரிக்கின் இடத்துக்கு வந்த எட்வர்ட் பார்ன்ஸ், அச்சு வேலைக்கு வந்த ஜேம்ஸ் காரெட்டை மூன்று மாதத்துக்குள் வெளியேறச் சொல்லிவிட்டார். அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்கர் எவரும் வரவில்லை.

எதிர்க்கரை

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கம்பெனி நாட்டின் கதவை அமெரிக்க மிஷனரிகளுக்கும் திறந்தது. 1834 தொடக்கத்தில் யாழ்ப்பாண மிஷனரி லீவாய் ஸ்பால்டிங் மதுரைக்கு வந்து நிலைமையைப் பார்த்துச் சென்றார். அதே ஆண்டு ஜூலையில் மிஷனரிகள் ஹாய்சிங்டனும் டாடும் வந்தனர். அவர்களோடு கடல் தாண்டிய யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களை அறிக்கைகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. உள்ளூர்ப் பேச்சும் பழக்கமும் அறிந்த அவர்கள் இல்லாமல் பள்ளியும் நடந்திராது, பிரசங்கமும் நடந்திராது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்பட்டவர்களை எண்ணினால், அவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மருத்துவர் பின்னால்தான் வந்தார். மதுரையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்டீல் 1842இல் இறந்தார். வெற்றிடத்தை நிரப்ப, அதற்குள் சென்னைக்கு மாறியிருந்த ஸ்கடரே 1847இல் மதுரைக்கு வந்து ஏறக்குறைய இரண்டாண்டு வைத்தியம் பார்த்தார். முதலில் மிஷனரிக் குடும்பங்களைக் காப்பது, பிறகு ஊராரைக் கவனிப்பது என்பதே போர்டு தன் மருத்துவர்களுக்கு வகுத்திருந்த வரிசை. திண்ணையில் கூடிய கூட்டம் அந்த வரிசையை மாற்றிவிட்டது.

இராமநாதபுரக் கரையில் தேவையும் பெரிதாக இருந்தது. இராமேசுவர யாத்திரைப் பாதை அன்று வாந்திபேதி பரவும் பாதையுமாக இருந்தது. சத்திரங்களில் ஒரே கிணற்று நீரை நூற்றுக்கணக்கானோர் குடித்தார்கள். ஆயினும் மிஷனின் பெரிய மருத்துவமனைகள் திண்டுக்கல்லிலும் மதுரையிலுமே எழுந்தன. எட்வர்ட் செஸ்டர் 1859 முதல், பிராங்க் வான் ஆலன் 1888 முதல் அங்கே பணிபுரிந்தனர். மதுரை மருத்துவமனைக் கட்டடத்துக்கு இந்துச் செல்வர்கள் பணம் கொடுத்தனர். மானாமதுரையில் தொழுநோயாளருக்கான தயாபுரம் பின்னர் உருவானது. கரையோரத்துக்குக் கிடைத்தது குறைவுதான். 1910 வரை இராமநாதபுரம் தனி மாவட்டமாகவும் இல்லை. மிஷன் அறிக்கைகளில் ‘மதுரை’ என்ற ஒரு பெயருக்குள் அது மறைந்துபோகிறது.

தமிழில் மருத்துவம்

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இந்த மரபின் தலைசிறந்தவர். வெளிநாட்டு மருத்துவர் வந்துகொண்டே இருப்பது நிரந்தர ஏற்பாடாகாது என்று கருதிய அவர், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். ‘இரணவைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியாலும் மாணவர் உழைப்பாலும் வெளிவந்தன. மாணவர்கள் தம் உடையையும் வழக்கத்தையும் விட்டு வெள்ளையர் போலாவதை அவர் விரும்பவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வியை அதன்பின் எடுத்துச் செல்ல ஆளில்லை. ஸ்கடரைவிட கிறீனின் பணிதான் ஆழமானது. ஆனால் ஸ்கடருக்குத் தொடர்ந்து ஊழியத்துக்கு வந்த வாரிசுகள் இருந்தனர், பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவமனை கட்டினார், பெயர் நிலைத்தது.

20ஆம் நூற்றாண்டு

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகப் பயணம் எளிதாயிற்று. மருத்துவத்தின் முகமும் மாறியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதிக்க இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் நடத்தியது. கரையில் நின்று நாடி பார்த்தது இப்போது மிஷன் அல்ல, அரசு.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் இலங்கைப் போர்க் காலத்தில் நின்றது. அதே மண்டபம் முகாம் அகதிகளை ஏற்றது.

திருச்சபை அமைப்பில் மட்டும் பழைய வழித்தடம் அப்படியே இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு லெஸ்லி நியூபிகினும், யாழ்ப்பாணத் திருமண்டலத்துக்குச் சபாபதி குலேந்திரனும் முதல் பேராயர்களாயினர். கிறீன் நினைவு மருத்துவமனையை நடத்தும் யாழ்ப்பாணத் திருமண்டலம், சென்னையில் தலைமையகம் கொண்ட திருச்சபையின் பகுதியாகவே இன்றும் உள்ளது.