பணியிடத்து உணவும் வருமான வரியும்

ஹோட்டல் ஊழியருக்குத் தொழில்தருநர் வழங்கும் உணவு வருமானமா, அன்றேல் தொழிலின் தேவையா? அமெரிக்காவில் இவ்வினாவுக்கு ஹோட்டல் வழக்கொன்றே முக்கிய விடையைத் தந்தது. ஹொனலுலு நகரின் ரோயல் ஹவாயன் ஹோட்டலில் தங்கியிருந்து அதனை நிர்வகித்த பெனாக்லியா என்பவருக்கு உணவும் உறைவிடமும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர் எந்நேரமும் அங்கிருப்பது தொழிலுக்கு அவசியமாதலால், அவை வரிக்குரிய வருமானமல்ல என 1937 இல் வரி முறையீட்டுச் சபை தீர்ப்பளித்தது.

1954 ஆம் ஆண்டின் வரிச் சட்டக்கோவை, தனது 119 ஆம் பிரிவில் இவ்விலக்குக்கு நிபந்தனைகள் வகுத்தது. உணவு தொழில்தருநரின் வசதிக்காகவும் அவரது தொழிலிடத்திலேயும் வழங்கப்படல் வேண்டும். உணவுக்குப் பதிலாகப் பணம் கொடுத்தால் விலக்கு இல்லை. நியூ ஜேர்சி மாநிலப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1977 இல் இதனைத் தெளிவாக்கியது. தொழிலிடத்தில் உணவு பெறுவோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் இந்நிபந்தனைக்கு உட்பட்டால், ஏனையோருக்கும் விலக்கு உண்டு என்பது 1998 இல் செய்யப்பட்ட திருத்தமாகும்.

ஆகவே, இவ்விலக்கு முதலாளியின் தாராள மனதுக்கான வெகுமதியன்று. உணவு வேளையிலும் பணியிடத்தை விட்டகல முடியாத ஊழியரின் நிலையே அதன் அடிப்படை. அவ்வுணவையும் சம்பளமாகக் கணக்கிட்டால், கைக்கு வராத பணத்துக்கு அவர் வரி செலுத்த நேரிடும்.