உழைப்புதானுங்க!

கோவையிலிருந்து திருப்பூர் போகும் வழியில் ஒருமுறை சோமனூரில் இறங்கிப் பாருங்கள். நாலு தெரு நடந்தால் போதும்... 'டடக் டடக்' என்று விசைத்தறிச் சத்தம் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பக்கத்தில் முன்னுக்கு வந்த ஒருவரிடம், "எப்படிங்க இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேளுங்கள். கடன், மார்க்கெட் என்றெல்லாம் இழுக்க மாட்டார். "எல்லாம் உழைப்புதானுங்க!" அவ்வளவுதான்.

1990-களில் திருப்பூரில் தங்கி பனியன் முதலாளிகளை ஆராய்ந்த ஷரத் சாரியை உலுக்கியதும் இதே சொல்தான். 2004-ல் வெளிவந்த அவருடைய 'ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்' புத்தகத்தின் மையமே 'உழைப்பு'!

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பனியன் கம்பெனியில் தேடாதீர்கள். தோட்டத்துக் கிணற்றில் இருக்கிறது பதில்.

கொங்கு, மலை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. நொய்யலை நம்பிப் பயனில்லை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, மாடு கட்டித் தண்ணீர் இறைத்தால்தான் பயிர். கவுண்டர் விவசாயி வரப்பில் குடை பிடித்து நின்றால் கதை நடக்காது. ஆட்களோடு அவரும் சேற்றில் இறங்கினார். வேலையும் நடந்தது, மேற்பார்வையும் நடந்தது!

1888-ல் கோவையில் முதல் நூற்பாலை. 1930-களில் பைக்காரா மின்சாரம். காலம் மாறியது, மனசு மாறவில்லை. தொழிலாளியாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, கூட்டாளி சேர்த்து, முதலாளியான பிறகும் பலர் மெஷின் பக்கத்திலேயே நின்றார்கள்.

முதலாளித்துவத்துக்குப் பின்னால் இருக்கும் மனசை, 1905 வாக்கில் ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் புராட்டஸ்டன்ட் மதத்தில் தேடினார். நம்ம ஊரில் அது தோட்டத்தில் விளைந்திருக்கிறது.

சரி, ஒரு கேள்வி. அதே வெயிலில், அதே தோட்டத்தில் மாதாரிகளும் உழைத்தார்களே... பெண்களும் உழைத்தார்களே... அவர்களில் எத்தனை பேர் முதலாளி ஆனார்கள்? நிலம், சொந்தபந்தம், நம்பிக் கடன் கொடுக்க ஆள் – இவையும் சேர்ந்தால்தான் உழைப்பு முதலாகும். இல்லாதவனுக்கு அது வெறும் வியர்வை. கூடவே, 'நாமதான் சரியா உழைக்கலையோ' என்ற குற்ற உணர்ச்சி வேறு!

சோமனூரில் கூலிக்கு நெய்பவர்களைப் பாருங்கள். தறி அவர்களுடையது, நூலும் துணியும் ஜவுளி உற்பத்தியாளருடையது. 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். உழைக்கத் தெரியாதவர்களா அவர்கள்?

அடுத்த முறை யாராவது "உழைப்புதானுங்க" என்றால் தலையாட்டுங்கள். அப்புறம் மெதுவாகக் கேளுங்கள்... "யாரோட உழைப்புங்க?"