நத்தார் திகதியும் மறுமை நம்பிக்கையும்: விவாதத்துக்கு முன் ஒரு வரலாற்றுப் பாடம்

  

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

டிசம்பர் மாதம் நெருங்கிவிட்டால் நமது பிள்ளைகளில் சிலர் ஒரு விவாதத்துக்குத் தயாராகி விடுகிறார்கள். ஈஸா (அலை) அவர்கள் டிசம்பர் 25ஆம் திகதி பிறக்கவேயில்லை, அது சூரியக் கடவுளுக்கு எடுக்கப்பட்ட விழா என்று வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் கிறிஸ்தவ நண்பனிடம் வாதாடுகிறார்கள். நண்பனோ, உங்கள் நபி பிறந்த திகதி மட்டும் உறுதியானதா, நாங்கள் எல்லோரும் நரகவாசிகளா என்று திருப்பிக் கேட்கிறான். பிள்ளை விழிக்கிறான். வீடு திரும்பித் தந்தையிடம் கேட்டால், தந்தையும் பேச்சை மாற்றி விடுகிறார்.

அன்பானவர்களே! அறிவில்லாமல் விவாதத்தில் இறங்குவது நமது மார்க்கம் கற்றுத்தந்த வழியல்ல. வேதக்காரர்களுடன் மிக அழகிய முறையிலன்றித் தர்க்கிக்க வேண்டாம் என ஸூரா அல்அன்கபூத்தின் 46ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அழகிய முறை என்பது இனிய சொல் மாத்திரமன்று. நாம் சொல்லும் செய்தி உண்மையாகவும், எடுக்கும் அளவுகோல் நீதியாகவும் இருப்பதும் அதில் அடங்கும். எனவே, வாதத்தில் இறங்குமுன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஹபஷாவிலும் மதீனாவிலும்

ஈஸா (அலை) அவர்களின் பிறப்புப் பற்றி முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் முதன்முதலாகப் பேசியது ஓர் அரச சபையிலாகும். கி.பி. 615ஆம் ஆண்டளவில் மக்காவின் கொடுமைகளுக்கு அஞ்சி ஹபஷா நாட்டில் அடைக்கலம் புகுந்த ஸஹாபாக்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷிகள் மன்னர் நஜாஷியிடம் தூதுக்குழுவொன்றை அனுப்பினர். மன்னரின் முன்னிலையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஸூரா மர்யமின் ஆரம்ப வசனங்களை ஓதினார்கள். மன்னர் தாடி நனைய அழுதார் என்பதை அச்சபையை அறிந்திருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

மறுநாள் குறைஷிகளின் தூதர் வேறொரு சூழ்ச்சி செய்தார். ஈஸாவைப் பற்றி இவர்கள் கடுமையான ஒரு சொல்லைச் சொல்கிறார்கள் என்று மன்னரிடம் மூட்டினார். அடைக்கலம் பறிபோகும் ஆபத்து! ஆயினும் ஜஃபர் (ரலி) அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை என்று தெளிவாக உரைத்தார்கள். தம் நம்பிக்கையை ஒளிக்கவுமில்லை, எதிரேயிருந்தவரின் நம்பிக்கையை ஏளனம் செய்யவுமில்லை. அடைக்கலமும் நிலைத்தது.

பின்னர் ஹிஜ்ரி 9, 10ஆம் ஆண்டளவில் நஜ்ரானிலிருந்து ஏறத்தாழ 60 கிறிஸ்தவர்கள் மதீனா வந்தனர். ஈஸா (அலை) பற்றி நபி (ஸல்) அவர்களுடன் வாதித்தனர். அவர்களுடைய தொழுகை நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழுதனர் என்றும், அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் கூறினார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். கருத்து வேறுபாடு தீரவில்லை. எனினும் அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தங்களுடன் அனுப்புமாறு வேண்டினர். அபூஉபைதா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

இந்த இரு சபைகளிலும் பேசப்பட்டது ஈஸா (அலை) யார் என்பதாகும். அவர் எந்தத் திகதியில் பிறந்தார் என்ற கேள்வி எழவேயில்லை.

டிசம்பர் 25 எவ்வாறு வந்தது?

இனி, திகதியின் கதைக்கு வருவோம். பைபிளின் சுவிசேஷங்கள் நான்கிலும் பிறந்த நாளோ மாதமோ கூறப்படவில்லை. கி.பி. 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து என்ற கிறிஸ்தவ அறிஞர், தம் காலத்தில் சிலர் மே 20ஐயும் வேறு சிலர் ஏப்ரல் மாத நாட்களையும் குறிப்பிட்டதை எழுதி வைத்துள்ளார். டிசம்பர் 25 என்பதை உறுதியாகக் காட்டும் மிகப் பழைய பட்டியல், கி.பி. 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்கம் ஒன்றில் உள்ளது. அப்பட்டியல் 336ஆம் ஆண்டுக்குரியது என ஆய்வாளர் கருதுகின்றனர். 386இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தம் ஆற்றிய பிரசங்கத்தில், இத்திருநாள் அந்நகரில் அறியப்பட்டுப் பத்தாண்டுகள் கூட ஆகவில்லை என அவரே ஒப்புக்கொள்கிறார்.

கிழக்குத் திருச்சபைகள் பல ஜனவரி 6ஐக் கொண்டாடி வந்தன. ஆர்மீனியர் இன்றும் அந்நாளிலேயே கொண்டாடுகின்றனர். 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியதன் பின், பழைய நாட்காட்டியை விடாத ரஷ்யத் திருச்சபையின் டிசம்பர் 25 நமது ஜனவரி 7இல் வருகிறது. அதே வழியில் இருந்த உக்ரைன் திருச்சபை 2023இல் டிசம்பர் 25க்கு மாறிக்கொண்டது. இங்கிலாந்தின் பாராளுமன்றமோ, வேதத்தில் ஆதாரமில்லை என்று கூறிய தூய்மைவாதிகளின் ஆதிக்கத்தில் 1647இல் இத்திருநாளையே ஒழித்தது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை இதைக் கொண்டாடியோருக்கு 5 ஷில்லிங் தண்டம் விதிக்கச் சட்டம் இருந்தது. இவற்றைச் செய்தவர்கள் அனைவரும் உறுதியான கிறிஸ்தவர்களே.

ஆகவே இளைஞர்களே! நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணும் விடயத்தைக் கிறிஸ்தவ அறிஞர்களே நெடுங்காலமாகப் பேசி வருகின்றனர். பிறந்த திகதி தெரியாது என்பதை உங்கள் நண்பனின் குருவானவரும் ஒப்புக்கொள்ளக்கூடும். அதனால் அவரது நம்பிக்கை சரிந்துவிடாது. அவர் கொண்டாடுவது பிறப்பையேயன்றித் திகதியையல்ல.

நமது வாதங்களை நாமே நிறுத்துப் பார்ப்போம்

சூரியக் கடவுளின் விழா பற்றிய வாதத்தை எடுத்துக்கொள்வோம். 274இல் பேரரசர் ஒரேலியன் ரோமில் வெல்லப்படாத சூரியனுக்கு ஆலயம் எழுப்பினார் என்பதும், மேற்படி 354ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் டிசம்பர் 25இல் அச்சூரியனின் பிறப்புக் குறிக்கப்பட்டுள்ளது என்பதும் உண்மையே. ஆனால், மார்ச் 25இல் கருவுற்றார் என்ற பழைய கணக்கோடு ஒன்பது மாதங்களைக் கூட்டியே இத்திகதி வந்தது என இன்னொரு சாரார் கூறுகின்றனர். ஆய்வுலகில் இது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாததை முடிந்த தீர்ப்பாக அடித்துக் கூறுவது அமானிதத்துக்கு முரணாகும்.

மற்றொன்று, பேரீச்சம்பழம் பற்றிய வாதம். மர்யம் (அலை) அவர்களுக்குக் கனிந்த புதிய பேரீச்சம்பழங்கள் உதிர்ந்ததாக அல்குர்ஆன் கூறுவதால், பிறப்புக் கோடையில்தான் நிகழ்ந்தது என நமது பேச்சாளர் பலர் கூறுவதுண்டு. கேட்க இனிமையான வாதம்தான். ஆனால் அம்மரம் பட்டுப்போன மரமாக இருந்தது, பழம் உதிர்ந்ததே அற்புதம் என்ற கருத்தையும் தப்ஸீர்களில் காண்கிறோம். மேலும், மிஹ்ராபில் மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த உணவை விளக்கும் முபஸ்ஸிர்கள், மாரியில் கோடைப் பழமும் கோடையில் மாரிப் பழமும் கிடைத்ததாக அறிவிக்கின்றனர். அற்புதத்தை வைத்துப் பருவகாலத்தை எவ்வாறு கணிப்பது? அல்லாஹ் திகதியைக் கூறவில்லை. அவன் கூறாமல் விட்டதை நாம் அவன் பெயரால் கூறாதிருப்பதே பேணுதல்.

மூன்றாவதாக, நண்பன் திருப்பிக் கேட்ட கேள்வி. நபி (ஸல்) அவர்கள் திங்கட்கிழமை பிறந்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. யானை ஆண்டு என்பது அறிஞர்களிடையே பிரபல்யமானது. ஆனால் ரபீஉல் அவ்வல் 12 என்ற இப்னு இஸ்ஹாக்கின் கூற்றுடன் 2, 8, 9, 10 என்ற கூற்றுக்களும் நமது நூல்களிலேயே உள்ளன. எகிப்திய வானியலாளர் மஹ்மூத் பாஷா கணக்கிட்டு 9ஆம் பிறை என்றார். இதனால் நபித்துவத்தின் உண்மை ஓர் அணுவேனும் குறையுமா? குறையாது. அப்படியாயின் அதே அளவுகோலை அடுத்தவருக்கும் வழங்குவதுதானே நீதி!

மறுமை: எங்கே ஒன்றுபடுகிறோம், எங்கே பிரிகிறோம்?

அன்பானவர்களே! திகதியை விடப் பன்மடங்கு பாரதூரமானது மறுமை பற்றிய விடயம். மரணத்தின் பின் எழுப்பப்படுதல், விசாரணை, சுவர்க்கம், நரகம் என்பவற்றைக் கிறிஸ்தவத் திருச்சபைகளும் நம்புகின்றன. ஆனால் விபரங்களில் அவர்களிடையே பெரும் வேறுபாடுகள் உண்டு. நமது நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோரான கத்தோலிக்கர், சுவர்க்கம் செல்லுமுன் ஆன்மாக்கள் தூய்மையடையும் உத்தரிக்கும் ஸ்தலம் என்ற நிலையை நம்புகின்றனர். 1274இல் லியோனிலும் 1439இல் புளோரன்சிலும் கூடிய சங்கங்கள் இதைப் பிரகடனம் செய்தன. கீழைத் திருச்சபைகள் இக்கோட்பாட்டை அவ்வடிவில் ஏற்கவில்லை, புரட்டஸ்தாந்தர் முற்றாகவே மறுத்தனர். அத்தண்டனையைக் குறைக்கும் பலன்பத்திரங்கள் பணத்துக்கு வழங்கப்பட்டதை எதிர்த்தே 1517இல் மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்தார். யெகோவாவின் சாட்சிகள் நத்தாரையும் கொண்டாடுவதில்லை, நித்திய நரக வேதனையையும் நம்புவதில்லை. எனவே, கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று பொதுவாகப் பேசாமல், எதிரே இருப்பவர் எதை நம்புகிறார் என்று முதலில் கேளுங்கள்.

பாப்பரசர் ஒருவரே இவ்விடயத்தில் தடுமாறியதுண்டு. 1331இல் 22ஆம் யோவான், நல்லடியார்களின் ஆன்மாக்களும் இறுதித் தீர்ப்பு நாள் வரை இறைவனை நேரில் காணா என்று பிரசங்கித்தார். பாரிஸ் நகர அறிஞர்கள் எதிர்த்தனர். 1334இல் மரணப் படுக்கையில் அவர் அதனை மீளப் பெற்றார். அடுத்து வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர் 1336இல் அதற்கு மாறான கோட்பாட்டை அறிவித்தார். இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட பர்ஸக் வாழ்வில் ரூஹுகள் எங்கே தங்குகின்றன என்பதில் நமது அறிஞர்களிடையேயும் பல கருத்துக்கள் இருந்ததை, இப்னுல் கையிம் அவர்களின் கிதாபுர் ரூஹ் விரிவாகக் கூறுகிறது. மறைவானவற்றில் மனித அறிவின் எல்லை அவ்வளவுதான்.

உண்மையான பிரிவு வேறிடத்தில் உள்ளது. ஈஸா (அலை) சிலுவையில் மரித்ததன் மூலமே மனிதருக்கு மீட்பு என்பது அவர்களின் நம்பிக்கை. ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது, அடியான் தவ்பாவுடன் திரும்பினால் மன்னிக்க அல்லாஹ் போதுமானவன் என்பது நமது நம்பிக்கை. இதை மறைக்கவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். ஜஃபர் (ரலி) அவர்களைப் போல் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால், இன்னார் நரகவாசி என்று பெயர் கூறித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் நமக்கில்லை. மனிதரின் முடிவை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

பக்தாதில் இரு நாட்கள்

கி.பி. 781ஆம் ஆண்டளவில் பக்தாதில் அப்பாஸிய கலீபா அல்மஹ்தி, கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தியை அழைத்து இரு நாட்கள் உரையாடினார். அதைத் திமோத்தியே ஸிரிய மொழியில் எழுதி வைத்தார். இருள் சூழ்ந்த வீட்டில் முத்தொன்று விழுந்துவிட்டது, எல்லோரும் தேடுகின்றனர், ஒருவர் கையில் முத்தும் மற்றவர் கைகளில் கல்லும் கண்ணாடியும் அகப்படுகின்றன, எல்லோரும் தம்மிடமே முத்து உள்ளதென மகிழ்கின்றனர், வெளிச்சம் வந்த பின்பே உண்மை புலப்படும் என்று அவர் உவமை கூறினார். அந்த வெளிச்சம் மறுமையாகும். முத்து நம்மிடமே உள்ளதென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது கலீபாவின் நடத்தையை. பேரரசின் வாளைக் கையில் வைத்திருந்தவர் கேள்வி கேட்டார், பதிலைச் செவிமடுத்தார், வந்தவரைக் கண்ணியத்தோடு அனுப்பி வைத்தார்.

பெற்றோர்களே! இந்தப் பண்பு நமது நாட்டில் எவ்வளவு அவசியம் என்பதை நாம் கண்ணீருடன் கற்றோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தோரும், கொழும்பு ஹோட்டல்களில் தங்கியிருந்தோருமாக 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைச் சொன்னவர்கள். அடுத்தவரின் மறுமையைத் தாமே தீர்மானிக்கத் துணிந்தவர்களின் கதி அது. பிள்ளையின் நாவில் ஏளனம் குடியேறும்போதே அதைத் திருத்துவது தாய் தந்தையரின் கடமை.

மறுமையில் எதைப் பற்றிக் கேட்கப்படும்? நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை விசாரிக்க வரவில்லை, உணவு கேட்டேன், நீ தரவில்லை என்று அல்லாஹ் அடியானிடம் கேட்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் குத்ஸி வந்துள்ளது. இதனை ஒத்த விசாரணை மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்திலும் காணப்படுகிறது. பசித்த அயலவர் இரு சமூகத்தாரின் வாசலிலும் நிற்கிறார். உங்கள் நண்பனுடன் உரையாட இதை விடச் சிறந்த ஆரம்பம் உண்டா?

ஈஸா (அலை) பற்றிய இறுதி விசாரணை மறுமையிலேயே நிகழும் என ஸூரா அல்மாஇதாவின் இறுதி வசனங்கள் கூறுகின்றன. தம்மை வணங்குமாறு தாம் சொல்லவில்லை என்று அவர் அங்கு சாட்சி கூறுவார். அதன் பின், அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்களே, மன்னித்தால் நீயே மிகைத்தவன், ஞானமிக்கவன் என்ற கருத்தில் பணிவோடு பேசுவார். அந்த ஒரே வசனத்தை ஓதியவாறு நமது நபி (ஸல்) அவர்கள் விடியும் வரை நின்று தொழுதார்கள் என அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். அடுத்த டிசம்பரில் நண்பனுடன் பேச வாய் திறக்குமுன், இளைஞனே, அந்த இரவை ஒரு கணம் நினைத்துக்கொள்.

யா அல்லாஹ்! சத்தியத்தைச் சத்தியமாக எங்களுக்குக் காட்டுவாயாக! அதை நீதியோடும் இரக்கத்தோடும் எடுத்துச் சொல்லும் நாவை எங்கள் பிள்ளைகளுக்குத் தருவாயாக! ஆமீன்.